தீ வந்த பாதை - 7: உள்ளே வரலாம், வெளியே போக முடியாது

போன வாரம் விட்ட இடத்துக்கு வருவோம். 2017 ஜூலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். வில்லியம்ஸ் லேக் நகரத்திலிருந்து 20ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் ட்லெடின்கோ என்ற ஊர் வரும். சில்கோட்டின் பழங்குடி மக்களின் ஆறு ஊர்களில் ஒன்று. நாலா பக்கமும் காடு எரிகிறது. ஊரைக் காலி செய்யச் சொல்லிப் போலீஸ் வந்து நிற்கிறது. ஊர்த் தலைவர் ஜோ அல்போன்ஸ் முடியாது என்கிறார். அப்போது போலீஸ் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை வந்தது என்று எழுதி நிறுத்தியிருந்தேன்.

பெரியவர்கள் போகாவிட்டால் குழந்தைகளை எடுத்துச் செல்வோம். இதுதான் தங்களிடம் சொல்லப்பட்டது என்று அல்போன்ஸ் பிறகு பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

அதில் என்ன தப்பு என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். தீ வருகிறது. குழந்தைகளைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது நல்லதுதானே? நியாயமான கேள்வி. வீட்டைவிட்டு வர மறுக்கும் பெரியவரை வலுக்கட்டாயமாக இழுத்துப்போகப் போலீஸுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. குழந்தை விஷயம் வேறு. அந்த அதிகாரியும் தன் கடமையைச் செய்கிறோம் என்றே நினைத்திருப்பார்.

ஆனால் சில்கோட்டின் மண்ணில் அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவேண்டுமானால், நாம் 155 வருடம் பின்னால் போகவேண்டும்.

*

1862 மார்ச். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 'பிரதர் ஜொனதன்' என்ற நீராவிக் கப்பல் வான்கூவர் தீவில் இருக்கும் விக்டோரியா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளே தங்கம் தேடிப் புறப்பட்ட கூட்டம். அவர்களோடு பெரியம்மையும் கரையிறங்கியது.

விக்டோரியாவைச் சுற்றி அப்போது வடகரையிலிருந்து வியாபாரத்துக்கும் கூலி வேலைக்கும் வந்த பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அம்மை கண்டதும் நகர நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும்? நோயாளிகளைத் தனியே வைத்து, மற்றவர்களுக்கு அம்மை குத்தியிருக்க வேண்டும். அம்மை குத்துவது அந்தக் காலத்தில் தெரியாத வித்தை அல்ல. நடந்தது வேறு. போலீஸ் குடிசைகளுக்குத் தீ வைத்தது. மக்களைப் படகுகளில் ஏற்றி வடக்கே விரட்டியது. சில படகுக் கூட்டங்களுக்குப் பின்னால் பீரங்கிக் கப்பல் காவலாகப் போனது. நோயோடு கிளம்பியவர்கள் எந்தெந்தக் கரையில் ஒதுங்கினார்களோ அந்தந்தக் கரையில் அம்மையும் ஒதுங்கியது.

கடலோரத்தில் இருக்கும் பெல்லா கூலா வழியாக அது மலையேறி உள்நாட்டுப் பீடபூமிக்கு வந்தது. அதுதான் சில்கோட்டின் நாடு. அந்த மக்களில் பெரும்பகுதியினர் ஓரிரு பருவங்களுக்குள் செத்துப்போனார்கள். புதைக்க ஆளில்லாமல் குடியிருப்புகள் அப்படியே கிடந்தன.

இரண்டு வருடம் கழித்து, 1864. ஆல்ஃபிரட் வாடிங்டன் என்ற தொழில்முனைவர், கடற்கரையிலுள்ள பியூட் கழிமுகத்திலிருந்து தங்க வயல்களுக்கு நேர்ச்சாலை போட ஆள் அனுப்புகிறார். சாலை சில்கோட்டின் நிலத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூலிக்கு வந்த சில்கோட்டின் ஆட்கள் பசியோடு இருக்கிறார்கள். ஒருநாள் மாவு மூட்டைகள் காணாமல் போகின்றன. சாலைக் குழுவைச் சேர்ந்தவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அங்கிருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுகிறார். உங்களுக்கெல்லாம் மறுபடியும் அம்மை வரும், எல்லாரும் சாவீர்கள் என்கிறார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதுவரை தன் பெயர் காகிதத்தில் ஏறிப் பார்த்திராத ஒருவன் நிற்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்புதான் அவன் வீட்டில் பாதிப் பேர் அம்மையில் போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் தன் பெயரை எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரல் கடைசியில் க்ளட்சாஸின் என்ற போர்த்தலைவரின் ஆட்கள் சாலைக் குழுவைத் தாக்கி 14 பேரைக் கொன்றார்கள். படை வந்தது, மலைகளுக்குள் தேடியும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் சமாதானம் பேசலாம் என்று புகையிலை அனுப்பி அழைத்தார்கள். புகையிலை அனுப்பினால் அது சத்தியம் மாதிரி. நம்பி வந்தவர்களை ஆகஸ்டில் கைது செய்தார்கள். 1864 அக்டோபர் 26 அன்று கெனல் என்ற ஊரில் ஐந்து தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள். ஆறாவது தலைவரை அடுத்த வருடம் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் தூக்கிலிட்டார்கள். தாங்கள் செய்தது கொலை அல்ல, போர் என்பதுதான் க்ளட்சாஸின் கடைசிவரை சொன்னது. அதைக் கனடா ஒப்புக்கொள்ள 150 வருடத்துக்கு மேல் ஆனது. 2018 மார்ச் 26 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து அந்த ஆறு பேரும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் என்று அறிவித்தார். தீ எரிந்த 2017இல் அந்த அறிவிப்புகூட வந்திருக்கவில்லை.

அந்தத் தூக்குகளுக்கும் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது.

*

வில்லியம்ஸ் லேக் அருகே 1891இல் செயின்ட் ஜோசப் மிஷன் என்ற உறைவிடப் பள்ளி திறந்தது. பழங்குடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, மொழியை மறக்கவைத்து, வேறு மனிதர்களாக ஆக்குவதற்காகக் கனடா அரசும் திருச்சபைகளும் நாடு முழுக்க நடத்திய பள்ளிகளில் ஒன்று அது. 1920இல் சட்டத்தைத் திருத்திக் கட்டாயமாக்கினார்கள். அனுப்ப மறுத்தால் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரும். சீருடை போட்டவர் வந்து பிள்ளையின் கையைப் பிடிப்பார். அம்மா வாசலில் நிற்பாள்.

அந்தப் பள்ளி மூடப்பட்டது 1981இல். ஆக, 2017இல் ஐம்பது வயதுக்கு மேல் இருந்த சில்கோட்டின் ஆணோ பெண்ணோ அங்கே படித்தவராக இருக்கலாம். 2022 ஜனவரியில் அந்த வளாகத்தின் ஒரு பகுதியை நிலத்தடி ராடார் வைத்துத் தேடியபோது, புதைகுழிகளாக இருக்கக்கூடிய 93 இடங்கள் தென்பட்டதாக வில்லியம்ஸ் லேக் பழங்குடிச் சமூகம் அறிவித்தது.

இப்போது மறுபடி 20ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். அதே சாலை. அதே போலீஸ் படை. குழந்தைகளை எடுத்துச் செல்வோம் என்ற அதே பேச்சு.

ஜோ அல்போன்ஸ் சொன்ன பதில் கனடா முழுக்கச் செய்தியானது. முயற்சி செய்து பாருங்கள், ஊர் எல்லையில் சாலையை மறிப்போம். நீங்கள் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. ஏறக்குறைய இதுதான் சாரம். இதை ரோஷத்தில் வந்த வீரவசனமாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையின் கையை ஏற்கெனவே ஒருமுறை விட்டுக்கொடுத்துவிட்ட ஒரு சமூகம் இரண்டாம் முறை விடமாட்டேன் என்கிறது.

போலீஸ் பின்வாங்கியது. ஆனால் தீ பின்வாங்கவில்லையே!

*

வரலாறு மட்டும் ஒரு ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றாது. நினைவின் பேரில் பிடிவாதம் பிடித்து 300 உயிர்களைப் பணயம் வைத்திருந்தால் இந்த அத்தியாயத்தை வேறு தொனியில் எழுதியிருப்பேன். ட்லெடின்கோவில் தங்கியவர்கள் சுமார் 300 பேர். அவர்கள் தங்கியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. தீ அணைப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

அந்த ஊரில் பலர் தலைமுறையாகக் காட்டுத்தீ அணைக்கும் வேலைக்குப் போனவர்கள். மரம் வெட்டும் தொழிலில் இருப்பவர்களிடம் புல்டோசரும் கனரக வண்டிகளும் இருந்தன. எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், எந்தச் சரிவில் சாயங்காலம் காற்று திரும்பும் என்பதெல்லாம் வேட்டைக்கும் மாடு மேய்க்கவும் போய் வந்தவர்களுக்குக் கைரேகை மாதிரி. வெளியிலிருந்து வரும் குழு வரைபடத்தைப் பார்த்துத்தான் இதைக் கற்க வேண்டும்.

அவர்கள் செய்த வேலை என்ன? வயதானவர்கள், நோயாளிகள், புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர் பிரிந்து நின்றார்கள். புல்டோசர்கள் ஊரைச் சுற்றித் தீத்தடுப்புக் கோடு போட்டன. புல், வேர், சருகு எல்லாவற்றையும் வழித்து வெறும் மண் தெரியும்படி அகலமாக ஒரு பட்டை. தீக்கு அங்கே தின்ன ஒன்றும் இருக்காது. தண்ணீர்ப் பம்புகள், குழாய்கள், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைகள். சமையற்கட்டில் ஒரு கூட்டம், ராத்திரி காவலுக்கு ஒரு கூட்டம்.

பெருந்தீயை அணைப்பதைவிட, அணைந்த மாதிரி கிடக்கும் தீயை அணைப்பதுதான் கஷ்டம் என்பார்கள் இந்த வேலை தெரிந்தவர்கள். சாம்பலுக்கு அடியில் மரத்தின் வேர் ஊதுபத்தி மாதிரி கனிந்துகொண்டே இருக்கும். மேலே புகைகூடத் தெரியாது. பத்து நாள் கழித்துக் காற்றடித்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் எழும்பும். அதனால் எரிந்து முடிந்த நிலத்தில் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே அடி அடியாக நகர வேண்டும். சூடு தட்டினால் தோண்டு, தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி கை வை. முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் எரிச்சல். யாரும் படம் எடுக்க வராத வேலை இது. ஊர்கள் பிழைப்பது இந்த வேலையால்தான்.

இத்தனைக்கும் நடுவே காகிதச் சண்டை வேறு. காட்டுத்தீ மாகாண அரசின் பொறுப்பு. ட்லெடின்கோ மாதிரி, பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வ் நிலம் மத்திய அரசின் பொறுப்பு. வட்டார நிர்வாகம் போடும் வெளியேற்ற உத்தரவு ரிசர்வ் எல்லையோடு நின்றுவிடும். அதற்கு உள்ளே உத்தரவு போட வேண்டியது அந்த ஊரின் தலைவரும் சபையும். சட்டம் இப்படித்தான் சொல்கிறது. ஆனால் களத்தில் நின்ற பல அதிகாரிகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. போவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அவரிடமே நீ ஏன் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செக்போஸ்ட். தீ அணைப்பவர்களுக்குச் சோறு வேண்டும், வண்டிகளுக்கு டீசல் வேண்டும், பெரியவர்களுக்கு மருந்து வேண்டும். எல்லாம் வில்லியம்ஸ் லேக் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். நெடுஞ்சாலையில் போட்ட தடுப்பைத் தாண்ட அனுமதிச் சீட்டு தேவை. ஒரு இடத்தில் கொடுத்த சீட்டு இன்னொரு இடத்தில் செல்லாது. சாமான் வாங்க வெளியே போனவர் திரும்பி உள்ளே வர முடியுமா என்பது அன்றன்றைக்கு அங்கே நிற்பவரைப் பொறுத்தது.

ஜூலை 15. காற்று மாறியது.

*

அன்று வில்லியம்ஸ் லேக் நகரத்துக்கே வெளியேற்ற உத்தரவு வந்தது. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர் ராத்திரியோடு ராத்திரியாகக் காலியானது. கடைகள் மூடின, பெட்ரோல் பங்குகள் மூடின. ட்லெடின்கோவுக்குச் சோறும் எண்ணெயும் வரவேண்டிய ஊரே இப்போது இல்லை. ஏற்கெனவே அங்கே அனுப்பப்பட்டிருந்தவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. காம்லூப்ஸ், பிரின்ஸ் ஜார்ஜ் என்று இன்னும் சில மணி நேரப் பயணம்.

அந்த ஊர்களின் நிவாரண முகாம்களில் உதவி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வீட்டுக்கு 600 டாலர் வழங்கப்பட்டது. ஆனால் ஒரு சில்கோட்டின் பாட்டியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஆங்கிலம் அவளுக்கு இரண்டாம் மொழி. விளையாட்டு அரங்கத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். படிவம் நீட்டி அடையாள அட்டை கேட்கிறார்கள். நீண்ட கூடம், பொதுச் சாப்பாட்டு வரிசை, இரும்புக் கட்டில். சின்ன வயதில் அவளை அடைத்து வைத்த பள்ளியும் இப்படித்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு, பேரன் தீக்கோட்டில் நிற்கிறானே என்று நினைக்கிறாள். ஆற்றில் சாக்கை சால்மன் ஏறும் பருவம் வேறு. கைவலை போட்டுப் பிடித்துக் காயவைத்தால்தான் குளிர்காலத்துக்கு மீன். அந்த வருடத்துப் பருவம் புகையிலேயே போய்க்கொண்டிருந்தது.

ஹான்ஸ்வில், ரிஸ்கி கிரீக் தீ என்று பெயர் வைக்கப்பட்ட அந்த ஒரு தீ மட்டும் கடைசியில் சுமார் 2,40,000 ஹெக்டேரைத் தின்றது. ட்லெடின்கோ, யூனெசிட்டின், ட்லெஸ்கோ என்ற மூன்று சில்கோட்டின் ஊர்கள் அதன் வழியில் இருந்தன. வடக்கே பல தீக்கள் ஒன்றுசேர்ந்து எரிந்த பீடபூமித் தொகுதித் தீ 5,45,000 ஹெக்டேர். அன்றுவரை மாகாணத்தில் பதிவான தீக்களில் அதுவே மிகப் பெரியது. ஜூலை 7 அன்று அறிவித்த நெருக்கடி நிலை பத்து வாரம் நீடித்தது. மாகாணம் முழுக்க ஏறக்குறைய 65,000 பேர் வீட்டைவிட்டுப் போனார்கள். 12 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கரியானது.

ட்லெடின்கோ ஊர் எரியவில்லை. தங்கியவர்களும், பிறகு வந்து கைகோத்த மாகாணத் தீயணைப்புக் குழுக்களும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றினார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். வீடு அங்கேயே இருந்தது. குழந்தைகளும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஏழு மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், சில்கோட்டின் மக்களும் கனடா அரசும் மாகாண அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேரிடர் மேலாண்மை ஒப்பந்தம் போட்டார்கள். கனடாவில் அந்த மாதிரி முதல் ஒப்பந்தம் அதுதான். 2019இல் சில்கோட்டின் அரசு தன் பட்டறிவை அறிக்கையாக வெளியிட்டது. 'தீ எங்களை எழுப்பிவிட்டது' என்று பொருள்படும் தலைப்பு, 33 கோரிக்கைகள். எங்கள் ஊரில் எங்கள் சொல் செல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்குப் பயிற்சியும் கருவியும் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. 2023 நவம்பரில் மாகாணம் கொண்டுவந்த புதிய பேரிடர்ச் சட்டம், பழங்குடி நிர்வாகங்களைக் கலந்து செயல்படுவதைக் கடமையாக்கியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியை நான் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். இவ்வளவு பெரிய தீ எப்படி வந்தது?

மின்னல் விழுந்தது, சரி. மின்னல் எல்லாக் கோடையிலும்தான் விழுகிறது. 1990களின் இறுதியிலிருந்து பைன் வண்டு என்ற பூச்சி அந்தக் காடுகளைத் தின்றுகொண்டிருந்தது. கடுங்குளிர் வந்தால் அதன் புழுக்கள் செத்துவிடும். குளிர்காலங்கள் இளகியதும் அது பெருகி, கோடிக்கணக்கான மரங்களை நின்ற இடத்திலேயே விறகாக்கிவிட்டது. அதுவும் சரி. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதைச் சொல்ல 1874க்குப் போக வேண்டும். அந்த வருடம் மாகாணம் புதர்த்தீச் சட்டம் என்று ஒன்று போட்டது. பழங்குடி மக்கள் வசந்த காலத்தில் புல்வெளிக்கும் காட்டடிக்கும் சின்னச் சின்னதாகத் தீ வைப்பார்கள். சருகு சேராது, புது இலையும் கிழங்கும் துளிர்க்கும், மான் வரும். அதைத்தான் அந்தச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன்பிறகு காடு சருகைச் சேர்த்துவைக்கத் தொடங்கியது. ஒரு வருடம் அல்ல, 143 வருடம்.

2019இல் யூனெசிட்டின் ஊர். அப்போது தலைவர் ரஸ்ஸல் மையர்ஸ் ராஸ். இரண்டு வருடத்துக்கு முன்புதான் இந்தச் சரிவுகளின் வழியாகப் பெருந்தீ வந்து போயிருக்கிறது. கரிக்கட்டையாக நிற்கும் பைன் மரங்கள் இன்னும் விழவில்லை. பனி உருகிவிட்டது. போன வருடத்துப் புல் மஞ்சளாகக் காய்ந்து படுத்திருக்கிறது. பெருங்கடல் தாண்டி வேறொரு கண்டத்திலிருந்து ஒரு மனிதர் வந்திருக்கிறார். அவரும் பழங்குடிதான். புல்லைக் கையால் பிடித்துப் பார்த்து, எப்போது தீ வைக்கலாம், எப்போது கூடாது என்று சொல்லும் வித்தையைத் தன் பெரியவர்களிடம் கற்றவர்.

2017இல் தீயை அணைக்க நின்ற அதே மக்கள் இப்போது புல்வெளியில் வரிசையாக நிற்கிறார்கள். இந்த முறை அவர்கள் கையில் தண்ணீர்ப் பை இல்லை.

தீப்பெட்டி இருக்கிறது.

(தொடரும்)